ஒரு தடவை பார்த்தால் பார்த்ததுதான்

அன்னபுஷ்பத்திடம் யாரும் எதையும் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். கேட்டுப் பயனில்லை என்பது ஒரகடம் பக்கத்தில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மீன்காரியின் கூடைக்குள் ஒரே பார்வைதான். பிடித்தால் வாங்குவாள், பிடிக்காவிட்டால் அந்தத் தெருவே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாள். மகன் ஃபிரடிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்குள்ளேயே எழுந்துவிட்டாள். ஃபிரடி அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறான்.

அவள் பிறவியிலேயே அப்படி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது கம்பெனி கொடுத்த குணம் என்றுதான் படுகிறது. செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் வருஷக்கணக்காக இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தாள். பெல்ட்டில் வரும் சார்ஜரை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்லதாக இருந்தால் பச்சைத் தட்டு. கீறலோ பிசிறோ கண்ணில் பட்டால் சிவப்புத் தட்டு. அங்கே அதற்குப் பெயர் ‘என்ஜி’, அதாவது ‘நாட் குட்’. சிவப்புத் தட்டில் விழுந்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதுதான் லைனில் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம். டார்கெட் வரவில்லையே என்று பயந்து, சிவப்பில் கிடந்த ஒன்றைத் துடைத்து மறுபடி பார்த்துப் பச்சையில் போட்ட பெண்ணை, மதியச் சாப்பாட்டுக்கு மணியடிப்பதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே ஓவர்கோட்டைக் கழற்றியதை அன்னபுஷ்பம் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தாள். சந்தேகமா, தள்ளு, தள்ளினால் மறந்துவிடு. கம்பெனி சொல்லிக்கொடுத்ததை அவள் வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டாள்.

முதல் ஊரடங்கில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். அவளும் வீட்டில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் செப்டம்பரில் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் பள்ளியைத் திறந்தபோது, ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி அன்னபுஷ்பத்தை வைத்தார்கள். வேலை ஒன்றும் பெரிதில்லை. முகக்கவசம் இருக்கிறதா என்று பார்த்து, கையில் மருந்து ஊற்றி, துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியை நெற்றிக்கு நேரே காட்டி, எண் சரியாக இருந்தால் உள்ளே விட வேண்டும்.

“காய்ச்சல் காட்டிச்சுன்னா உடனே அனுப்பிடாதீங்கம்மா,” என்று தலைமையாசிரியை லீலா முதல் நாளே சொன்னார். “கொஞ்ச நேரம் மரத்தடியில உக்கார வெச்சு இன்னொரு தடவை பாருங்க. அரசாங்க உத்தரவுலயே அப்படித்தான் போட்டிருக்கு.”

அன்னபுஷ்பம் தலையை ஆட்டினாள். மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். சரியாக வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுதான் சரியாக வராது? டீச்சர் லைனில் வேலை பார்த்ததில்லை, பாவம்.

பிள்ளைகள் அவளை ‘ஆயாம்மா’ என்றார்கள். பள்ளியில் உதவிக்கு நிற்கும் பெண்களுக்கு வழக்கமாக விழும் பெயர்தான். “நாப்பத்தஞ்சு வயசுல இன்னாடா ஆயா?” என்று அவள் சீறுவாள், அவர்கள் இன்னும் இழுத்துக் கூப்பிடுவார்கள். மற்றபடி அவள் கையில் துப்பாக்கி இருக்கும்போது ஒரு பயலும் வாலாட்டியதில்லை.

பத்தாம் வகுப்பு ரஞ்சனி வந்து மாட்டியது அப்போதுதான். வரும் நாளெல்லாம் மணியடிக்கும் நேரத்துக்கு ஓடிவருவாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்கும். ஒருநாள் துப்பாக்கியைக் காட்டியபோது எண் ஏறி நின்றது.

“ஓடியாந்தேன் ஆயாம்மா. அதான்.”

“எல்லாருந்தான் ஓடியாராங்க. போ வூட்டுக்கு.”

மரத்தடி பக்கத்தில்தான் இருந்தது. ரஞ்சனி அதைப் பார்க்கவும் பார்த்தாள். அன்னபுஷ்பம் கையை நீட்டிச் சாலையைக் காட்டினாள். சில நாள் கழித்து வந்தபோதும் அதே கதைதான். மூன்றாவது தடவை வாசலில் நல்ல கூட்டம். “ஏய், மறுபடியும் கேஸுடா!” என்று எவனோ கத்த, பிள்ளைகள் கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு விலகினார்கள். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். ரஞ்சனி பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

அன்னபுஷ்பம் அவளை நினைக்கவும் இல்லை. தள்ளினால் மறந்துவிடு என்பதுதானே பாடம். “நம்ம ஸ்கூலுல ஒரு புள்ளைக்கி வந்துதா சொல்லு?” என்று தெருவில் போகிறவர்களைப் பிடித்து நிறுத்திப் பெருமையடித்தாள். அது அவளால் வந்ததா, ஊரின் நல்ல நேரத்தால் வந்ததா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஜனவரியில் மறுபடி மூடிய பள்ளி பிப்ரவரியில் திறந்தபோது விதிகள் தளர்ந்திருந்தன. பாதிப் பேர் இன்றைக்கு, மீதிப் பேர் நாளைக்கு என்ற முறை போய்விட்டது. பெஞ்சில் ஒருவர்விட்டு ஒருவர் உட்கார வேண்டியதில்லை. வாசலில் சூடு பார்க்கவும் வேண்டாம் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். முதல் நாள் பிள்ளைகள் கும்பலாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். மழை நின்ற பிறகும் குடையை விரித்துக்கொண்டு நிற்பவள்போல அன்னபுஷ்பம் துப்பாக்கியோடு வாசலில் நின்றாள். அவளைத் திட்டக்கூட யாருக்கும் நேரமில்லை. அது அவளுக்கு வலித்தது.

லீலா டீச்சர் அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். மாதக் கடைசியோடு வேலை முடிகிறது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு மூன்று தரம் தொண்டையைச் செருமினார். ஒருவழியாக அதைச் சொல்லிவிட்டு, வேறொன்றும் சொன்னார்.

“பத்தாவதுல எல்லாரும் வந்துட்டாங்க. ரஞ்சனி மட்டும் வரல. மாசக் கடைசிக்குள்ள வந்து உக்காந்துட்டா மே மாசம் பரீட்சை எழுத வெச்சிடுவேன். இல்லன்னா பேரை எடுத்துடுவாங்க. போன் போட்டா அவங்கம்மா, ‘எம்பொண்ணுக்குக் காய்ச்சல்’னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வெச்சிடறாங்க.”

“இவ்ளோ நாளாவா காய்ச்சல்? அடுத்த வருசம் எழுதிக்கட்டும் டீச்சர்.”

“அடுத்த வருஷமா? இந்த வயசுல ஒரு பொண்ணு வருஷம் முழுக்க அடுப்புகிட்ட நின்னா, திரும்ப வந்து பெஞ்சுல உக்காருமா? பத்தாவது இல்லாம இந்தப் பக்கம் எந்தக் கம்பெனில உள்ள விடறான்? உங்களுக்குத் தெரியாததா?”

அது அவளுக்கு நன்றாகவே தெரியும். எட்டாவதோடு நின்ற அன்னபுஷ்பம் அந்தக் காலத்தில் எப்படியோ லைனுக்குள் நுழைந்துவிட்டாள். இப்போது பத்தாவது இல்லாதவளுக்குத் துடைப்பத்தைத்தான் கொடுப்பார்கள். “நான் போய் இஸ்துகினு வரேன்,” என்று எழுந்தாள். போகிற வேலைதான், போவதற்கு முன் ஒன்றைச் செய்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

ரஞ்சனியின் அப்பா கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் பெரிய டிரெய்லரின் டிரைவர். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா வேல்விழிக்குத் தள்ளுவண்டியில் டிபன் கடை. முன்பு ஒரு கம்பெனி வாசலுக்கு எதிரே நல்ல இடத்தில் நின்ற வண்டி அது. மறுநாள் காலை அன்னபுஷ்பம் போய்ப் பார்த்தபோது அங்கே இல்லை. விசாரித்துத் தேடி, மேம்பாலம் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் நிறுத்தும் புழுதிக்காட்டில் கண்டுபிடித்தாள். ரஞ்சனி தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாலு மாதத்தில் வளர்ந்திருந்தாள்.

வேல்விழி சட்னிக் கரண்டியை வாளியில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“இன்னாத்துக்கு வந்த? நீதான அந்த அம்மா?”

“ஸ்கூலு தொறந்துட்டாங்க. ரூல்ஸ் எல்லாம் எடுத்துட்டாங்கோ. பொண்ண அனுப்பு.”

“அனுப்புறதா! மூணு வாட்டி ஊரே பாக்கத் தொரத்துன. டீக்கடைல நின்ன கம்பெனி செக்யூரிட்டி அத்தப் பாத்துட்டுப் போய், தோசக்காரி வூட்ல கொரோனான்னு சொல்லிட்டான். மறுநாளுலேர்ந்து ஒருத்தன் வரல. ஆட்டுன மாவு அப்டியே கெடந்துது. கடைசில வண்டியவே எடுன்னுட்டாங்க. இந்தத் தூசியாண்ட வந்து நிக்கிறோம். யாரால?”

“காய்ச்சல் இருந்துது. அனுப்புனேன். அது என் வேல.”

“எங்க இருந்துது காய்ச்சல்? விடியறதுக்கு முன்னாடி கல்லாண்ட நின்னா, ஷிஃப்டு ஆளுங்க போற வரிக்கும் நவுர மாட்டா. அப்டியே யூனிஃபார்ம மாட்டிகினு ஓடுவா. இந்தா, உன் பையில வெச்சினுகீறியே, அத்த எடுத்து இப்பப் பாரு!”

துப்பாக்கியை அன்னபுஷ்பம் இன்னும் பள்ளியில் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. எடுத்து ரஞ்சனியின் நெற்றிக்குக் காட்டினாள். எண் ஏறி நின்றது. ‘பாத்தியா’ என்று சொல்ல வாயெடுத்தவள், வேல்விழி தன் நெற்றியை முன்னால் நீட்டுவதைப் பார்த்தாள். காட்டினாள். அது அதைவிட ஏறியது. அடுப்பை ஒட்டி நின்று தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் வேடிக்கையாகத் தானும் தலையை நீட்டினார். அவருக்கும் காய்ச்சல்.

அன்னபுஷ்பம் பையைக் கீழே வைத்தாள். போய்க் கல்லுக்கு முன்னால் நின்றாள். அனல் முகத்தில் அடித்தது. ஆவி மூக்கில் ஏறியது. அசையாமல் நின்றாள். ஒரு தோசை வெந்து, இன்னொன்று வெந்து, மூன்றாவதும் வெந்தது. பிறகு துப்பாக்கியை ரஞ்சனியின் கையில் கொடுத்தாள்.

“எனக்குப் பாரு.”

ரஞ்சனி காட்டினாள். எண்ணைப் பார்த்தவள் துப்பாக்கியை அன்னபுஷ்பத்தின் கண்ணுக்கு நேரே திருப்பிப் பிடித்தாள். அவளை மூன்று தடவை வீட்டுக்கு அனுப்பிய எண்ணைவிட அது பெரியது.

“வா இங்க,” என்று அன்னபுஷ்பம் அவள் கையைப் பிடித்து ஒரு லாரியின் நிழலுக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். அந்தச் சின்னப் பொழுதுதான் அவள் ஆயுசிலேயே நீளமானது. டீச்சர் சொன்னதும், வாசலில் பக்கத்திலேயே இருந்த மரமும், இந்தப் பெண் அந்த மரத்தை ஒரு தரம் பார்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு தடவை தள்ளியதை எடுத்து மறுபடி பார்த்தாள்.

“இன்னா காட்டுது?” என்றாள் ரஞ்சனி.

“நல்லாக் கீது. ஒண்ணுமே இல்ல உனுக்கு.” துப்பாக்கியை மடியில் வைத்தாள். “அன்னிக்கும் இருந்திருக்காது.”

வேல்விழியின் முன்னால் போய் நின்று, தப்பு தன்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு மீன்காரியிடம்கூட அப்படிச் சொன்னதில்லை அவள். வேல்விழி அசைந்து கொடுக்கவில்லை.

“நீ மன்னிப்பு கேட்டா தோசை வெந்துடுமா? அவ போனா கல்லாண்ட யாரு நிக்கிறது? போன வருசம் எழுதாமலே எல்லாரையும் பாஸ் போட்டாங்களே, இவுளுக்கும் வூட்ல இருந்தே போடச் சொல்லு.”

“நான் நிக்கிறேன்.”

“யாரு, நீயா? கூலி கீலின்னு எங்களால ஆவாது.”

“கேட்டனா?”

ரஞ்சனி இடையில் புகுந்தாள். “யாரு நின்னாலும் நான் வர மாட்டேன். அங்க என் பேரே ‘கேஸு’ தான். உங்களாலதான்.” சொல்லிவிட்டுத் திரும்பி மாவை ஊற்றினாள்.

மறுநாள் விடியுமுன் அன்னபுஷ்பம் வந்து நின்றாள். வேல்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்னபுஷ்பம் பாத்திரங்களை இழுத்துப்போட்டுக் கழுவினாள். வேல்விழி ‘போ’ என்றாள். அன்னபுஷ்பம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் நாள் வேல்விழிக்கே அலுத்துப்போய், தோசைக் கரண்டியைக் கையில் திணித்தாள்.

அவளுக்குத் தோசை வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் தோசை கிழிந்தது. இரண்டாவது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் ஓட்டையாக வந்தது. அவற்றை அவள் ஓரமாக ஒரு தட்டில் ஒதுக்கிக்கொண்டே போனாள்.

“இன்னாத்துக்கு அத்தனையும் ஒதுக்கி வெக்கிற?”

“என்ஜி. வட்டமா வரல.”

“அடிப் பாவி! பசிக்கித் துன்றவன் வட்டத்த அளந்து பாத்தா துன்றான்? எடுத்துப் போடு இலைல!”

ரஞ்சனி பொங்கிவந்த சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்து அன்னபுஷ்பம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அன்னபுஷ்பம் கிழிந்த தோசையை மடித்துப் போடக் கற்றுக்கொண்டாள். மடித்தால் கிழிசல் தெரியாது. லைனில் இதற்காகவே அவளை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் புழுதிக்காட்டில் வியாபாரம் ஓடவில்லை. வண்டி பழைய இடத்துக்குப் போகாதவரை வேல்விழிக்கு மனசு ஆறாது. மனசு ஆறாமல் பெண்ணை அனுப்ப மாட்டாள். இதைப் புரிந்துகொண்ட அன்னபுஷ்பம் ஒருநாள் விடிகாலையில் யாரையும் கேட்காமல் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். வேல்விழி கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். மேம்பாலத்தடியில் ஏற்றம் வந்ததும், கத்துவதை நிறுத்திவிட்டுத் தானும் தள்ளினாள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஆறுமுகநயினார் ஓடிவந்து மறித்தார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். டீக்கடையில் டம்ளரோடு திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர்.

“யம்மா, இங்கன வண்டி போடக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லியிருக்காவ. அந்தப் பிள்ளைக்குச் சீக்கு உண்டும்லா.”

“சீக்குன்னு மேல சொன்னது யாரு? நீதான?”

“பள்ளிக்கூடத்துல திருப்பி அனுப்புனத நானே கண்ணால பார்த்தேம்லா.”

“திருப்பி அனுப்புனது நானு. தப்பா அனுப்புனேன். அந்தப் பொண்ணு நெத்தி அடுப்புல காஞ்ச நெத்தி. உன் கண்ணால பாத்தத எல்லாருக்கும் சொன்னியே, இப்போ என் வாயால கேட்டதையும் சொல்லு.”

ஆறுமுகநயினார் வாசல் பக்கம் திரும்பினார். நைட் ஷிஃப்ட் முடித்த கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது; காலை ஏ ஷிஃப்டுக்கு பஸ்கள் வந்துகொண்டிருந்தன. அன்னபுஷ்பம் ஒரு தோசையை வார்த்து, ஆவி பறக்க இலையில் போட்டு, அத்தனை பேர் பார்க்க அவர் முன்னால் நீட்டினாள். நல்ல வேளை, அன்றைக்கு அது வட்டமாகவே வந்திருந்தது. வாங்காமலிருக்க அவருக்கு வழியில்லை. ஒரு விள்ளல் தின்றார். நல்ல பசி போலிருக்கிறது, மீதியையும் தின்றார்.

“மேல நான் சொல்லிக்கிடுதேன்,” என்று சட்னியை வழித்துக்கொண்டே சொன்னார். “சாம்பார் இல்லியா?”

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் அன்னபுஷ்பம் அதையே சொன்னாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலே இல்லை, பார்த்தவள் நான், தப்பாகப் பார்த்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் “விடுக்கா, தோசயப் போடு” என்றார்கள். இலை தீர்ந்துபோய் வேல்விழி தட்டில் கொடுக்கிற அளவுக்குக் கூட்டம் திரும்பி வந்தது. வேல்விழி இப்போது அவளை ‘ஏம்மா’ என்று கூப்பிடுவதை விட்டு ‘அன்னம்’ என்று கூப்பிட்டாள்.

ரஞ்சனி மட்டும் பிடி கொடுக்கவில்லை. மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோது அன்னபுஷ்பம் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“கேஸுன்னு கூப்புடுவாங்கன்னுதான பயம்? கூப்புட்டா கூப்புடட்டும். பரிச்சப் பேப்பருல கேஸுன்னு எழுத மாட்டாங்க. ரஞ்சனின்னுதான் எழுதணும். அத்த எழுதிட்டு வா. அப்பாலிக்கி எவன் இன்னா பேரு வெச்சா இன்னா?”

“யூனிஃபார்ம் பத்தல,” என்றாள் ரஞ்சனி. அது மறுப்பு இல்லை என்பது அன்னபுஷ்பத்துக்குப் புரிந்தது. அந்தச் சுடிதாரை வாங்கிப்போய், மடிப்பைப் பிரித்து, பேன்ட்டின் அடியில் துணி ஒட்டுக்கொடுத்துத் தைத்தாள்.

தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ராஜசேகர் போன் செய்தான். அவளை முன்பு கம்பெனிக்கு அனுப்பிய கான்ட்ராக்டர். ஆர்டர் வந்திருக்கிறது, பழைய இன்ஸ்பெக்‌ஷன் ஆட்களை எடுக்கிறார்கள், திங்கட்கிழமை காலை ஏ ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிவிடு என்றான். இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. அந்தத் திங்கட்கிழமைதான் மாதக் கடைசி.

“பி ஷிஃப்டு குடுங்க சார். மத்தியானம்னா வந்துடறேன்.”

“பி ஷிஃப்டு ஃபுல்லு. ஏ தான். வரியா, வேற ஆளப் பாக்கட்டா?”

“மே மாசம் வரிக்கும் காலைல எனுக்கு வேல கீது சார்.”

போனை வைத்ததும் ஃபிரடி குதித்தான். “உனுக்கு மற கழண்டுச்சா? கூலி இல்லாத தோசைக்கோசரம் கம்பெனிய வுடுவாங்களா? அது யாரு, உன் பொண்ணா?”

“என் பொண்ணு இல்ல. நான் கெடுத்த பொண்ணு.” ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சொன்னாள். “நீ சம்பாரிக்கிற. நாம பட்டினி கெடக்கல. பரிச்ச முடியட்டும், நானே போய் எவன் காலையாவது புடிச்சு சேந்துக்கறேன். இப்போ போவ மாட்டேன்.”

ஃபிரடி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலை சார்ஜர் கம்பெனியின் பஸ் போகிற வழியில் வண்டிக்கு எதிரே வந்து நின்றது. பழைய லைன் தோழிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “யக்கா, ஏறுக்கா! சீட்டு போட்டு வெச்சிருக்கோம்!” என்று கூவினார்கள். அன்னபுஷ்பத்துக்கு ஒரு கணம் கால் இழுத்தது உண்மை. அந்த ஏசி காற்றும், விளக்கடி நாற்காலியும், எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் மேசையும் கண்ணுக்குள் வந்துபோயின. கையிலிருந்த கரண்டியைத் தூக்கிப் ‘போங்க’ என்று ஆட்டினாள். பஸ் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கருகிய தோசையைச் சுரண்டிப் போட்டாள்.

ரஞ்சனி சீருடையில் வந்து நின்றாள். ஒட்டுத்துணி கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிந்தது. இன்றைக்குக் கல்லின் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியிருந்தும், கூட்டம் நெரித்தபோது அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சீருடைக்கு மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். கூட்டம் குறைந்தபோது பள்ளிக்கு மணியடிக்கும் நேரமாகிவிட்டது.

வேல்விழி மகளைப் பார்த்தாள். அன்னபுஷ்பத்தைப் பார்த்தாள். “நான் பாத்துக்கறேன் அன்னம்,” என்றாள். “நீயே கொண்டு போயி வுட்டுட்டு வா.”

இரண்டு பேரும் ஓடினார்கள். லாரிகளுக்கு இடையில் புகுந்து, ஷேர் ஆட்டோக்காரனின் திட்டை வாங்கிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடினார்கள். பள்ளி வாசல் விரியத் திறந்துகிடந்தது. யாரும் யாரையும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் இரு பக்கமும் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ரஞ்சனி வாசலில் நின்றுவிட்டாள். முன்பு நிற்கும் அதே இடத்தில், முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள். சூடு பார்க்கும் விதி போனது அவளுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

அன்னபுஷ்பத்தின் கையில் எதுவும் இல்லை. உள்ளங்கையை எடுத்து அந்த நெற்றியில் வைத்தாள். நெருப்பாகச் சுட்டது.

“உள்ள போ,” என்றாள்.